யார் பின்தங்கியவர்?

2023ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று, அன்னதானப் பந்தி முடிந்து பிள்ளைகள் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். எமது ஆலயத்து அன்பர் ஒருவர் நான்காக மடித்த ஒரு தாளை எம்மிடம் நீட்டினார். இம்மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கும் அவரது மகள் கொண்டுவந்து கொடுத்த தாள் அது. கோடை விடுமுறையில் பத்து வாரங்கள் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் இளநிலை மாணவருக்குப் பயிற்சி, ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி, கையில் உதவிப்பணம். நல்ல விடயந்தான். ஆனால் கீழே, விஞ்ஞானத் துறையில் தொகைக்கேற்ற இடம் பெறாத இனத்தவர் யார் யார் என்று ஒரு வரி இருந்தது. கறுப்பினத்தவர், ஸ்பானிய வழியினர், பூர்வகுடிகள், பசிபிக் தீவினர். ஆசியர் அதில் இல்லை.

“தம்பி, நீர் படிச்ச ஆள். இதை ஒருக்கா வாசியும். பிள்ளை எல்லாப் பாடத்திலயும் ‘ஏ’. ஆனால் எங்கட ஆக்களுக்கு இடமில்லையாம். அங்க எங்களுக்குச் செய்ததை இஞ்சையும் செய்யினம்” என்றார்.

இந்த வாதத்தை அவருடைய அனுமதியுடனேயே இங்கு எழுதுகிறோம். அன்று மண்டபத்தில் இருந்த பலர் அவர் பக்கமே நின்றனர். உண்மையைச் சொன்னால் நாமும் தலையாட்டினோம்.

‘அங்கே செய்தது’ எதுவென்று எமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1971இல் இலங்கையில் மருத்துவபீடம் புக, சிங்கள மொழி மூலம் பரீட்சை எழுதியவருக்கு 400க்கு 229 புள்ளிகள் போதும், தமிழ் மொழி மூலம் எழுதியவருக்கு 250 வேண்டும் என்று வகுத்தார்கள். பேராதனைப் பொறியியலுக்கு 227, 250. இதற்குத் தரப்படுத்தல் என்று பெயர். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. பின்தங்கியவருக்கு வாய்ப்பு, சமத்துவம் என்ற அழகான சொற்களுடன்தான் இவை வந்தன. எமது மாமன்மார் சித்தப்பாமார் பலருடைய வாழ்க்கை அந்த 21 புள்ளிக்குள் அகப்பட்டுக்கொண்டது. ஆகவே ‘பின்தங்கியோருக்கான திட்டம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எமக்குள் ஏதோ விறைத்துப்போகிறது. அந்த விறைப்புக்கு நியாயம் உண்டு.

ஆனால் அன்றிரவு காரோட்டி வீடு திரும்பும்போது ஒரு கேள்வி எம்மை விடவில்லை. எமக்கு நடந்த அநீதியைப் போலத் தோன்றும் எல்லாமே அதே அநீதிதானா? கணக்காளர் தொழிலில் இரண்டு பதிவுகள் ஒரே தொகையைக் காட்டினால் அவை ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ள மாட்டோம், பற்றுச்சீட்டை எடுத்துப் பார்ப்போம். இதையும் அப்படிப் பார்க்கலாம் என்று தீர்மானித்தோம்.

முதலில், ஆய்வுகூடத்தில் யார் நிற்கிறார் என்பதில் அரசாங்கத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை? நோய்க்கு இனம் உண்டா என்று எமது அன்பரே கேட்டார். கொரோனாக் காலத்தில் எம்மில் அனேகர் விரல் நுனியில் மாட்டும் ஒட்சிசன் மானியை வாங்கி வைத்திருந்தோம். அது தோலினூடாக ஒளியைச் செலுத்தி அளக்கும் கருவி. 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், அந்த மானி காட்டிய அளவையும் இரத்தத்தை எடுத்து நேரே அளந்த அளவையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். மானி 92 முதல் 96 வரை, அதாவது பயமில்லை என்று காட்டிய வேளைகளில், இரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே கிடந்தது வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 தடவை. கறுப்பினத்தவரில் 11.7 தடவை. கருந்தோலில் மானி பிழைக்கலாம் என்று 1990இலேயே ஒரு மருத்துவக் கட்டுரை சொல்லியிருந்தது. 30 ஆண்டுகள் அது ஒருவருடைய நித்திரையையும் கெடுக்கவில்லை. எமது தோலின் நிறத்தை நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று எமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் இருதய நோய் பற்றிய பேராய்வு 1948இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஃபிறேமிங்ஹாம் என்ற ஊரில் தொடங்கியது. அதில் சேர்ந்த 5,209 பேரும் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர். கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைத்தல் என்று இன்று வைத்தியர் எம்மிடம் கேட்கும் கேள்விகளிற் பல அந்த ஊர் மக்களின் உடம்பிலிருந்து வந்தவை. தெற்காசியரை மட்டும் வைத்து அதுபோன்று நீண்டகாலம் பின்தொடரும் ஆய்வு ஒன்று இந்நாட்டில் 2010இல்தான், சிக்காகோவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஆட்களைச் சேர்த்துத் தொடங்கியது. உடம்பு மெலிந்தவருக்கும் எம்மவரில் நீரிழிவு வருகிறதென்பது எங்கள் அம்மம்மாமார் அறிந்த விடயம். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆசியர்களை உடற்பருமன் சுட்டெண் 25 வரை காத்திராமல் 23இலேயே பரிசோதிக்கும்படி சொன்னது 2015இல்.

வெள்ளை விஞ்ஞானி கறுப்பு நோயாளியைப் பற்றி ஆராய முடியாதா? தாராளமாக முடியும். டல்லாஸ் நகரில் கறுப்பின மக்களைப் பாதிக்குப் பாதி வேண்டுமென்றே சேர்த்துக்கொண்ட ஓர் ஆய்வில், ஹெலன் ஹொப்ஸ், ஜொனதன் கோயன் என்ற இருவர், சிலருக்குக் கெட்ட கொழுப்பைப் பிறவியிலேயே குறைவாக வைத்திருக்கும் மரபணு மாற்றம் ஒன்றை 2005இல் கண்டார்கள். அதன் வழியே பிறந்த மருந்துகள் 2015இல் அனுமதி பெற்றன. இன்று அவை எல்லா நிறத்தவரின் இருதயத்தையும் காக்கின்றன. ஆகவே கேள்வி ஆராய்பவரின் தோல் அல்ல. எந்தக் கேள்வி யாருடைய மனதில் எழுகிறது என்பதே. தன் தாய் பட்டதைப் பார்த்தவர் கேட்கும் கேள்வி ஒன்று, புத்தகத்தில் படித்தவர் கேட்கும் கேள்வி வேறொன்று. இரண்டும் ஆய்வுகூடத்துக்குள் இருக்கவேண்டும்.

அவை இருந்தனவா? 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எமது மாநிலத்து பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் அனுப்பிய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தது. படிப்பு, பயிற்சி, வெளியிட்ட கட்டுரை எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்த பின்பும், கறுப்பின விஞ்ஞானிக்கு ஆய்வுப் பணம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு என்று கண்டது. வெட்கப்பட்ட நிறுவனம் 2014இல் 10 கல்வி நிலையங்களுக்குப் பணம் கொடுத்து, இளநிலை மாணவரிலிருந்தே ஆராய்ச்சியாளரை வளர்க்கும் 10 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்தப் பத்தில் இரண்டு எமது பக்கத்து பால்ரிமோர்ப் பகுதியிலேயே இருந்தன. ஒன்று மோர்கன் மாநிலப் பல்கலைக்கழகம், மற்றது மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் பால்ரிமோர் கவுண்டி வளாகம்.

இந்த இரண்டாவது வளாகத்தின் கதை எம்மை மிகவும் யோசிக்கவைத்தது. அதற்கு முன் கலிபோர்னியாக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 1970களின் நடுப்பகுதியில் பேர்க்லியில் யூரி ட்ரைஸ்மன் என்ற இளம் கணித ஆசிரியர், கறுப்பின மாணவர் ஏன் நுண்கணிதத்தில் விழுகிறார்கள் என்று அறிய விரும்பினார். பேராசிரியர்களிடம் கேட்டார். ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் வசதியில்லை, பெற்றோருக்கு அக்கறையில்லை என்றார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊரில் முதலாம் பிள்ளைகளாக வந்தவர்கள். பிறகு அவர் 20 கறுப்பின மாணவரையும் 20 சீன மாணவரையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். கறுப்பினப் பிள்ளைகள் சொன்ன விதிப்படி வாரம் 8 மணித்தியாலம், கதவைச் சாத்திக்கொண்டு, தனியே படித்தார்கள். சீனப் பிள்ளைகள் 14 மணித்தியாலம் வரை படித்தார்கள். முதலில் தனியே, பிறகு கூட்டமாக. ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தினார், பழைய வினாத்தாள்கள் கைமாறின, தெரியாததைக் கேட்க ஓர் அண்ணனோ அக்காவோ இருந்தார்.

இதை வாசித்தபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. இது எங்கள் ரியூட்டரி அல்லவா! மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி நாலு பேர், கடந்தகால வினாத்தாள், முந்திய ‘பட்ச்’ அண்ணையின் கொப்பி. யாழ்ப்பாணத்தான் மூளைசாலி என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்துவதில் அரைவாசி அந்தக் கொப்பிக்குச் சேரவேண்டியது. ட்ரைஸ்மன் கறுப்பின மாணவரையும் அப்படிக் கூட்டமாக உட்கார்த்தி, இலகு கணக்கல்ல, கடினமான கணக்குகளைக் கொடுத்தார். விழுந்தவர்கள் எழுந்தார்கள். அங்கே ஒருவருக்கும் புள்ளி கூட்டிக் கொடுக்கப்படவில்லை.

பால்ரிமோர் கவுண்டி வளாகத்தில் 1988இல் றொபேட் மேயர்ஹொஃப், அவர் மனைவி ஜேன் ஆகியோர் கொடுத்த நன்கொடையில் மேயர்ஹொஃப் புலமைப்பரிசில் திட்டம் பிறந்தது. அதைக் கட்டியெழுப்பியவர் பிறீமன் ரபவுஸ்கி என்ற கறுப்பினக் கணித அறிஞர். 1963இல் அலபாமாவில், 12 வயதுப் பையனாக, சம உரிமை ஊர்வலத்தில் நடந்து சிறைக்குப் போனவர். பின்பு 1992 முதல் 2022 வரை அந்த வளாகத்தின் தலைவராக இருந்தார். 1989இல் 19 கறுப்பின மாணவர்களோடு வகுப்புத் தொடங்கியது. பல்கலைக்கழகம் ஆரம்பிக்குமுன் கோடையில் ஆறு வாரம் ஒன்றாகத் தங்கிப் படிப்பு. தனியே படிப்பதை அங்கே விரும்ப மாட்டார்கள். விஞ்ஞானப் பாடத்தில் ‘சி’ வந்தால், சித்திதானே என்று விடாமல், திரும்பப் படி என்பார்கள். முதலாம் இரண்டாம் வருடத்திலேயே ஆய்வுகூடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். பெற்றோரையும் கூட்டிவைத்துப் பேசுவார்கள்.

இதில் எம்மைத் திருப்பிப் போட்டது ஓர் ஒப்பீடு. இத்திட்டத்தில் இடம் கிடைத்தும் அதை ஏற்காமல் வேறு பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குப் போன மாணவர்களும் இருக்கிறார்கள். இருசாராரின் புள்ளியும் திறமையும் ஒரே மட்டம். ஆனால் திட்டத்தில் இருந்து படித்தவர் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் போகும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ 5 மடங்கு. வித்தியாசம் வாசலில் இல்லை, உள்ளே பிடித்த கையில். அந்தக் கையைப் பிடித்து வந்த ஒருவர் கிஸ்மீக்கியா கோர்பெற். 2008இல் அங்கே பட்டம் பெற்றார். மாணவியாக இருக்கும்போதே பெதெஸ்டாவில் பார்னி கிறகம் என்ற விஞ்ஞானியிடம் பயின்றார். 2020இல் மொடேர்னாவுடன் சேர்ந்து கொரோனாத் தடுப்பூசியை உருவாக்கிய குழுவில் முன்னணியில் நின்றார். எம்மில் பலருடைய கையில் ஏறியது அந்த ஊசிதான்.

ஆகவே தரப்படுத்தலும் இதுவும் ஒன்றல்ல. அது அளவுகோலை வெட்டியது, இது ஆளை வளர்க்கிறது. ஆனால் கணக்கில் செலவுப் பக்கத்தை மறைக்கக் கூடாது. பத்து இடம் இருந்து, அதில் அமர யார் யாருக்குத் தகுதி என்று இனத்தைச் சொன்னால், வெளியே நிற்கும் பிள்ளைக்கு ஒரு இழப்பு உண்டு. அதை இல்லையென்று சொல்பவர் உண்மை பேசவில்லை. மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகத்தில் கறுப்பினத்தவருக்கு மட்டுமாக இருந்த புலமைப்பரிசில் செல்லாது என்று 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. மேயர்ஹொஃப் திட்டமும் 1996இல் எல்லா இனத்தவருக்கும் திறக்கப்பட்டது. நோக்கம் மாறவில்லை, கைப்பிடியும் தளரவில்லை. இந்த வழியே எமக்குச் சரியாகப் படுகிறது. கதவை அகலத் திற, குறிக்கோளைக் கைவிடாதே.

இப்பொழுது எமது சொந்தக் கணக்கு. நாம் பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் படித்த காலத்தில் விடுதி அறையில் எம்மோடு இருந்தவர் முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமத்தவர், விஞ்ஞானபீட மாணவர். மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவர். அதே ஒதுக்கீட்டை யாழ்ப்பாணத்தில் நாங்கள் அநீதி என்று சபித்தோம். அதுவேதான் வன்னிப் பிள்ளைகளுக்கும் மன்னார்ப் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது. அவர் படித்த பாடசாலை நாலு தடவை இடம்பெயர்ந்தது. உயிரியலில் உயர்தரம் எடுத்த அந்த மனிதர் நுணுக்குக்காட்டியைக் கண்ணால் கண்டது பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கோட்டா’. சாப்பாட்டு வரிசையில், அவர் காதில் விழும்படி. நாமும் சொன்னோம். கோயில் வாசலில் ஊரவரில் ஒருசாராரை மறித்த 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்துக் கதை எமக்குத் தெரியும். அது பெரியவர்கள் செய்த பிழை என்று நினைத்துக்கொண்டே இதைச் செய்தோம்.

முதலாம் வருடத்தில் அவர் இரசாயனத்தில் தவறினார். பிறகு ஒரு விரிவுரையாளர், கண்டிப்பான அம்மையார், பின்னேரம் நாலு மணிக்கு ஆய்வுகூடத்துக்கு வரச்சொன்னார். முதலில் குடுவை கழுவும் வேலை. பிறகு அளந்ததை ஆங்கிலத்தில் எழுதும் வேலை. அதன்பின் ஏன் அளந்தாய் என்று கேள்வி. இரண்டாம் வருட முடிவில் எங்கள் அறையில் ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்டோம். இன்று வன்னியில் உயிரியல் படிப்பிக்கிறார். அவருடைய பாடசாலையில் மூன்று நுணுக்குக்காட்டிகள் இருக்கின்றன. அதே ஆண்டு, அதே ஒதுக்கீட்டில், அதே மாவட்டத்திலிருந்து வந்த இன்னொருவர் இரண்டு தடவை தவறியபின் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். நாலு மணிக்கு வா என்று அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. பக்கத்து அறைதான். நாமும் கூப்பிடவில்லை.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். தைப்பூசத்துக்கு மறுநாள் அதைத் திருப்பிப் பார்த்தபோது மறுபக்கத்திலும் எழுத்து இருந்தது. இனம் மட்டுமல்ல, உடற்குறைபாடு உள்ளவரும் வரலாம், பின்தங்கிய குடும்பச் சூழலில் வந்தவரும் வரலாம். பெற்றோருக்குப் பட்டம் இல்லாமை, அரசின் பெல் உதவிப்பணம் பெறத் தகுதி, பாடசாலையில் இலவச மதிய உணவு பெற்றமை என்று சில நிபந்தனைகள். அவற்றில் இரண்டு இருந்தாற் போதும். அன்பருடைய வரிப்பத்திரத்தையும் மகளின் கல்வி உதவி விண்ணப்பத்தையும் வருடா வருடம் நிரப்புபவர்கள் நாம். இரண்டல்ல, மூன்றும் அவளுக்குப் பொருந்தின. மண்டபத்தில் அவ்வளவு பேர் அவ்வளவு கோபப்பட்டோம், ஒருவரும் மறுபக்கம் திருப்பவில்லை.

தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னோம். மறுபக்கத்தில் நெடுநேரம் சத்தமில்லை.

“தம்பி, நாங்கள் பின்தங்கின ஆக்களே? என்ர அப்பா தலைமை வாத்தியார். செல்லடி இல்லையெண்டால் நானும் கம்பஸுக்குப் போயிருப்பன்.”

“அதைத்தான் அண்ணை அவையள் கேக்கினம்” என்றோம். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. அந்த வருடம் விண்ணப்பம் போகவில்லை.

நாங்கள் விறைத்தது அநீதிக்காக மட்டுந்தானா, அல்லது அந்தச் சொல் எங்கள்மேல் விழுந்துவிடும் என்ற பயத்துக்காகவுமா என்று அன்றைக்கு யோசித்தோம். விடுதியில் எம்மோடு இருந்தவர் நாலு வருடம் சுமந்த சொல் அது. பின்தங்குவது என்பது ஒருவருடைய குணமல்ல, அவர் ஓடவேண்டியிருந்த பாதையின் கணக்கு. இதை முல்லைத்தீவுக்காரருக்கு ஒப்புக்கொள்ள எமக்கு இருபது வருடம் எடுத்தது. எமக்கு நாமே ஒப்புக்கொள்வது அதைவிடக் கடினம்.

மகள் 2024இல் தானாகவே விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. கலாநிதிப் படிப்பில் இருந்த ஒரு புவேர்ட்டோ றிக்கோப் பெண் அவளுக்கு வழிகாட்டி. வெள்ளிதோறும் குழுவின் நடுவே எழுந்து, அந்த வாரம் எது பிழைத்தது என்று சொல்லவேண்டும். கோடை முடிந்து ஆலயத்தில் கண்டபோது அவள் சொன்னாள்: “மாமா, ரெண்டு வருசமா வகுப்பில நான் ஒரு கேள்வியும் கேக்கேல்ல. கேட்டால் விளங்காத ஆள் எண்டு நினைப்பினம் எண்டு பயம்.” எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ எடுத்த பிள்ளை. பேர்க்லியில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தவர்கள் எம் கண்முன் வந்தார்கள்.

2025இல் தேசிய சுகாதார நிறுவனங்கள் இத்தகைய பயிற்சித் திட்டங்கள் பலவற்றை நிறுத்தின. அந்தத் தாள் வந்த திட்டத்துக்கும் அந்த வருடம் அறிவித்தல் வரவில்லை. எமது அன்பர் 2023இல் கேட்ட நியாயம் இப்போது கிடைத்துவிட்டதென்று சிலர் சொன்னார்கள். பந்தியை மூடினார்கள், ஆனால் எமக்கு அங்கே புதிதாக ஓர் இலை போடப்படவில்லை. அன்பரின் மகனும் இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், அக்காவைப் போலவே ஆய்வுகூட ஆசை.

சென்ற கந்தசஷ்டியில் அவர் எம்மைத் தேடி வந்து, “தம்பி, அந்தத் தாளின்ர மற்றப்பக்கத்தில இருந்தது வேற எங்கையும் இருக்கோ?” என்று கேட்டார். பெதெஸ்டாவில் ஆய்வு செய்யும் எமது ஆலயத்தவர் இருவரிடம், கோடைக்கு ஆளுக்கொரு மாணவரை வைத்துப் பழக்க முடியுமா, அது எமது பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, என்று கேட்டிருக்கிறோம். ஒருவர் சம்மதித்தார். மற்றவரின் பதில் இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை வரவில்லை. மகள் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்தபின் அதே அறையில் தம்பிக்கும், அவனோடு படிக்கும் எல் சல்வடோர்க் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கும், இன்னும் இருவருக்கும் இரசாயனம் சொல்லிக்கொடுக்கிறாள். அறைத் திறப்பு அன்பரிடம் இருக்கிறது. நாலு மணிக்கு அவர்தான் வந்து திறந்துவிடுகிறார்.